இப்போதைக்கு

எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினால்
எட்டு பத்துக்குக் கண் திறக்கிறது.
அதற்குள் நான் அடுப்பில் விறகு வைத்துவிடுகிறேன்,
பல் தேய்த்துவிடுகிறேன்,
ஐனார்ஸ் தன் முட்டையையும் என் முட்டையையும்
தின்று முடித்துவிடுகிறார்.

லியபாயாவில் ஜனவரி.
மீனுக்குப் புகை போடும் மூன்று கடைகளின் கணக்கு
பதினைந்தாம் தேதிக்குள் போயாக வேண்டும்.
பெட்டியோ
கரை தட்டிய விசைப்படகு மாதிரி
உறுமுகிறது, நகரவில்லை.

நோட்டில் நடுவே கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் பழுது, அந்தப் பக்கம் புதுசு.

டிராம் கடைசியாக நிற்கும் இடத்தில் கடை வைத்திருக்கும் கிறிஸ்டர்ஸ்
என் பிராசஸரின் பெயரைக் கேட்டதும்
துக்கம் விசாரிக்கும் குரலுக்கு மாறினான்.
புது விண்டோஸ் ஏற்கும் பட்டியலில் இது இல்லையாம்.
பிராசஸரை மாற்று என்றேன்.
இந்த மதர்போர்டில் பொருந்தாது என்றான்.
மதர்போர்டை மாற்று.
அதில் இந்த மெமரி உட்காராது.
மெமரியையும் மாற்று.
பவர் சப்ளை தாங்குமா தெரியவில்லை என்றான்.
கடைசியில் எனக்கென்று மிஞ்சியது
தகரக் கூடும் அதன் நான்கு ரப்பர் கால்களும்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

ஐனார்ஸுக்குப் புதுசுதான் வேண்டும்.
எனக்கு எல்லாமே புதுசாக வேண்டும், பெண்டாட்டியைத் தவிர
என்று அவரே சொல்லி
அவரே சிரித்துக்கொள்கிறார்.
அறுநூற்றைம்பது யூரோ.
அது கூரைக்கு ஒதுக்கிய பணம்.
கூரை ஒழுகினால் கணினி நனையும்,
கணினி படுத்துவிட்டால் கூரைக்குக் காசு வராது.
இந்தக் கணக்கைப் போட
என்னிடம் எந்த மென்பொருளும் இல்லை.

சனிக்கிழமை அவர் கடற்கரைக்கு நடக்கப் போனதும்
திருகுகளைக் கழற்றினேன்.
பக்கத் தகடு கையோடு வந்துவிட்டது.
விசிறியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி.
தூசி என்று நினைத்து விரலால் இழுத்தேன்.
முடி.
முர்ரிஸின் முடி.

குளிர்காலம் முழுக்க இந்தப் பெட்டியை அணைத்துக்கொண்டு
கிடந்த பூனை.
செத்து இரண்டு வருடம்.
அதன் மெத்தையைத் துவைத்தோம்,
தட்டை யாருக்கோ கொடுத்தோம்,
ஐனார்ஸ் ஒரு வாரம்
சோபாவில் பசை உருளையை உருட்டி உருட்டி
ஒரு மயிர் விடாமல் எடுத்தார்.
இது மட்டும் யாருக்கும் தெரியாமல்
இங்கே சூடாக இருந்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது தும்மல்தான்,
பொய் சொல்லக் கூடாது.
அந்த முடியை என்ன செய்தேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மெமரிக்கு நான்கு இடங்கள். இரண்டு காலி.
வாங்கிய நாளிலிருந்து காலி.
விருந்துக்குப் போட்டு வைத்து
கடைசிவரை ஆள் வராத நாற்காலிகள்.
பதின்மூன்று வருடமாக நான்
இடமில்லை, இடமில்லை என்று
புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

யாரோ கழற்றிப் போட்ட மெமரி இரண்டு,
சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி.
எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டு யூரோ.
அக்டோபருக்குப் பிறகு நான் பொறுப்பில்லை
என்றான் கிறிஸ்டர்ஸ்.
அக்டோபருக்குப் பிறகு
எதற்குத்தான் யார் பொறுப்பு?
நோட்டில் இரண்டு பக்கத்தையும் அடிக்கவில்லை,
கோட்டின் மேலேயே எழுதினேன்:
இப்போதைக்கு.

இன்று காலை பத்தொன்பது நொடி.
முட்டை இன்னும் உரிபடவில்லை.
விசிறி சுற்றுகிறதா என்று
காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.
அந்தச் சத்தம் இருந்த இடத்துக்கு
கீழ்வீட்டு இமான்ட்ஸின் அக்கார்டியன் ஏறி வருகிறது.
நான்கு சுரம், ஐந்தாவதில் தடுக்கல்,
மறுபடி முதலிலிருந்து.

எத்தனை வருடமாக இவர் இப்படி என்று கேட்டேன்.
ஐனார்ஸ் உப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்,
முர்ரிஸுக்குத் தெரிந்திருக்கும்.